பன்னிரண்டு நிமிடம்

மார்ச் 29, ஞாயிறு

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. மூன்று நாளைக்கு ஒரு முறை என்று நகராட்சியில் சொன்னார்கள்; இது நான்காவது நாள். அரிசி களைந்த நீரைச் செடிக்கும், பாத்திரம் கழுவிய நீரைக் கழிப்பறைக்கும் எடுத்து வைத்தேன். ஒருத்திக்கு இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று தோன்றும். நாலு பேர் இருந்தாலும் தரையைத் துடைக்க ஒரே வாளிதான், ஒருத்தி இருந்தாலும் அதே வாளிதான்.

காலையில் பக்கத்து வீட்டு அஞ்சுகம் வழக்கம்போலச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"டீச்சரம்மா, உசுரோட இருக்கீங்களா?"

"உள்ளேன் அம்மா" என்றேன்.

என்னோடு இருந்த அண்ணன் இறந்ததிலிருந்து மூன்று வருடமாக இப்படித்தான் எனக்கு வருகைப் பதிவு நடக்கிறது. பதில் வரக் கொஞ்சம் தாமதமானால் கதவைத் தட்ட வந்துவிடுவாள். அஞ்சுகம் ரவிக்கை தைப்பவள். ஐம்பத்தெட்டு வயதில் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோப்பாள். என் ஊசிக்கும் அவள்தான் கோத்துத் தர வேண்டும். "எழுத்துச் சொல்லிக் குடுத்தே கண்ணைத் தேச்சிட்டீங்க" என்பாள்.

ஏப்ரல் 1, புதன்

பழைய இரும்புக் கடைக்காரர் நீல பிளாஸ்டிக் டிரம்களை வண்டியில் அடுக்கிக்கொண்டு வந்தார். தொழிற்பேட்டையில் காலியாகும் டிரம்கள்தாம் எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் தண்ணீர்த் தொட்டியாக நிற்கின்றன. அலசி, மேல்பக்கத்தை அறுத்து, இரண்டு நாள் வெயிலில் காய வைத்தால் போதும். குடிக்க மாட்டோம், துவைக்க, குளிக்க.

அஞ்சுகமும் ஒன்று வாங்கினாள். தட்டிப் பார்த்து, "இதுக்குள்ள பூந்துகிட்டா வெயிலே தெரியாது டீச்சரம்மா, உங்களையும் சேத்து உக்கார வெச்சிக்கலாம்" என்றாள். நான் அப்போது வாசலில்தான் நின்றேன். டிரம்மின் பக்கவாட்டில் பாதி கிழிந்த ஒரு சீட்டு. சாய்ந்த கட்டம், அதில் ஏதோ படம். அடுப்பில் குழம்பு இருந்தது. உள்ளே போய்விட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

எழுத முடியவில்லை. அஞ்சுகத்தைச் சென்னைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

ஏப்ரல் 3, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதி வைப்பது நல்லது. பிற்பாடு யாராவது கேட்பார்கள்.

நேற்றுக் காலை ஆறே முக்காலுக்குத் தண்ணீர் லாரி வந்தது. தெருவே குடத்தோடு வரிசையில் நின்றது. அஞ்சுகம் ஒரு குடம் பிடித்துக்கொண்டு வந்து, புது டிரம்மின் மூடியைத் திருகினாள். அலசுவதற்காக ஒரு சொம்பு தண்ணீரை அதன் சின்ன வாயில் ஊற்றினாள். டிரம்மின் அடியில் ஏதோ மிச்சம் இருந்திருக்கிறது. உஸ்ஸென்று சீறி, ஊற்றிய தண்ணீரும் உள்ளே இருந்ததும் சேர்ந்து அவள் முகத்தில் அடித்தன. டிரம் சாய்ந்தது. வெள்ளைப் புகை. ஆயிரம் தீக்குச்சிகளை ஒரே நேரத்தில் உரசினால் எப்படி நெடி வரும், அப்படி.

புகை என்றால் தண்ணீர், அதுதானே எல்லாருக்கும் தெரியும். வரிசையில் நின்றவர்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். லாரி டிரைவர் குழாயையே இழுத்துக்கொண்டு வந்தார். எனக்கு மட்டும் விளங்கிவிட்டது. எட்டாம் வகுப்பில் முப்பது வருடம் நான் சொன்ன உதாரணம்: அடுப்பில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதே, அமிலத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதே. நான் நடுத் தெருவில் நின்று கத்தினேன்.

"தண்ணி ஊத்தாதீங்க! யாரும் ஒரு சொட்டு ஊத்தக் கூடாது!"

அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். மற்ற பாதி, என்னிடம் படித்தவர்களின் பெற்றோர்.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கம் எல்லாரையும் நகர்த்தினேன். அஞ்சுகத்தைத் தெருமுனைப் பால் பூத்தின் திட்டில் உட்கார வைத்தோம். தீயணைப்பு வண்டி வந்தது. கண்ணைக் கழுவினார்கள். ஆம்புலன்சில் ஏற்றினார்கள்.

முகமூடி போட்ட வீரர்கள் டிரம்மைச் சுற்றிக் காய்ந்த மணலைக் கொட்டினார்கள். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தச் சீட்டை நான் படித்திருக்க வேண்டும். நாலு அடி நடந்து போய்ப் பார்த்திருந்தால் போதும். குழம்பு தீய்ந்தால் தீய்ந்துவிட்டுப் போகிறது. இந்தத் தவறு என்னுடையதுதான். இதை மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 4, சனி

தீயணைப்பு நிலைய அலுவலர் சந்தானராஜ் வீட்டுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தயோனைல் குளோரைடுங்க மேடம். சாயத்துக்கு, மருந்துக்கு வேண்டிய சரக்கு. அது சும்மா இருக்கிற வரைக்கும் ஒண்ணுமில்ல. தண்ணி பட்டா ரெண்டு விஷ வாயு வரும். தரைக்கு வந்தா காஞ்ச மணலைப் போட்டு மூடுவோமே தவிர, பைப்பைத் திருப்ப மாட்டோம். லாரித் தண்ணிய மொத்தமா அதுல விட்டிருந்தா இந்தத் தெருவுல பாதிப் பேரு ஆஸ்பத்திரில இருந்திருப்பாங்க. கொழந்தைங்க வேற அத்தனை. எங்க ஆளுங்களே பயிற்சி இல்லன்னா பைப்பைத்தான் மொதல்ல எடுப்பாங்க. நீங்க எப்படி மேடம் அந்த நேரத்துல யோசிச்சீங்க?"

"வகுப்புல சொன்னதுதான்" என்றேன்.

கூடவே வந்த வார்டு உறுப்பினர் ஏகாம்பரம், "டீச்சர் சொல்லு இந்தத் தெருவுல கலெக்டர் ஆர்டர் மாதிரி சார்" என்றார். இந்த மாதம் இருபதாம் தேதி தீயணைப்புத் துறையின் தீத்தொண்டு வாரம் முடிகிறதாம். எங்கள் தெருவிலேயே செயல்விளக்கம் வைத்து, எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். பத்து நிமிடம் பேசவும் வேண்டுமாம்.

மாலையில் ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

அஞ்சுகத்தின் மகள் இந்துராணி சென்னையிலிருந்து பேசினாள். இடது கண் பிழைத்துவிடும். வலது கண்ணைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

"டீச்சர், டாக்டர் ஒண்ணு கேக்குறாரு. மருந்து பட்டதுக்கப்புறம் எவ்வளவு நேரத்துல கண்ணைக் கழுவுனாங்கன்னு. அம்மா மயக்கத்துல என்னமோ சொல்றாங்க. நீங்க பக்கத்துல இருந்தீங்க இல்ல?"

"உடனேதாம்மா" என்றேன்.

"உடனேவா?"

"உடனே."

பதற்றத்தில் யார் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

ஏப்ரல் 8, புதன்

லாரி வந்தது. நான்கு குடம் பிடித்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள், "நீங்க முன்னால போங்க டீச்சர்" என்று விலகிக்கொண்டார்கள். எப்போதும் விலகுவார்கள்தான். ஆனால் எப்போதும் ஏதாவது பேசுவார்கள்.

ஏப்ரல் 9, வியாழன்

காலையில் சுவரோரம் போய் நின்றேன். யாரும் கூப்பிடப் போவதில்லை என்று தெரியும். துணி காயப் போட வந்ததாக வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

இருபதாம் தேதி மேடை எங்கே போடுவது என்று பார்க்கச் சந்தானராஜ் மறுபடி வந்தார். கொடுத்த காபியைக் குடித்து முடித்தவர், கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், ஒரு விஷயம் எனக்கு இன்னும் புரியல. நான் வந்து எறங்குறப்ப அந்தம்மா பால் பூத்துல உக்காந்திருக்காங்க. கண்ணை மூடிக்கிட்டுத் துடிக்கிறாங்க. சுத்தி இருபது பேரு. ஒவ்வொருத்தர் இடுப்புலயும் நெறஞ்ச குடம். பத்தடில தண்ணி லாரி. ஆனா அந்தம்மா மூஞ்சில ஒரு சொட்டு ஈரம் இல்ல. நான்தான் லாரிப் பைப்பை இழுத்துக் கழுவுனேன். மனுஷன் மேல பட்டா தண்ணிதான் மேடம் மருந்து. துணியைக் கழட்டிட்டு, கொட்டு கொட்டுன்னு கொட்டணும். கொறஞ்சது இருபது நிமிஷம். டிரம்முக்குத்தான் தண்ணி ஆகாது. ஏன் ஒருத்தருக்கும் தோணல?"

"பதற்றம்" என்றேன்.

"எல்லாரையும் கேட்டுட்டேன். பால் பூத்துக்காரரு தரையைப் பாக்குறாரு. லாரி டிரைவர், 'எனக்கு ஞாபகம் இல்ல சார்'ங்குறாரு. ஒரு அம்மா அழுதுட்டே உள்ள போயிடுச்சு. என்னமோ ஒளிக்கிறாங்க. யாரையோ காப்பாத்துறாங்கன்னு தோணுது."

பால் பூத்தின் சுவரில் ஒரு கடிகாரம் உண்டு. அது சரியான நேரம் காட்டும்.

ஏப்ரல் 11, சனி

பேச்சுக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். 'அன்பார்ந்த' என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். புளி காய வைத்தேன். அலமாரியைத் துடைத்தேன்.

ஏப்ரல் 13, திங்கள்

மூன்றாம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு மாணவி இப்படி விடை எழுதியிருந்தால் நான் மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டேன். எழுதியதெல்லாம் உண்மை, நடுவில் ஒரு படியைக் காணோம். கணக்கில் இப்படித்தான் செய்வார்கள். விடை தெரிந்திருக்கும், வழி தெரிந்திருக்காது. அந்த இடத்தில் கையெழுத்து மட்டும் கொஞ்சம் அழகாக இருக்கும். சீட்டைப் படிக்காத குற்றத்தை நான் அழகாக எழுதியிருக்கிறேன்.

விட்ட படி இது.

அஞ்சுகத்தைத் திட்டில் உட்கார வைத்தபோது பால் பூத்துக் கடிகாரத்தில் ஆறு ஐம்பத்திரண்டு. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி குடு டீச்சரம்மா, கண்ணு எரியுது, கண்ணைக் கழுவணும்" என்றாள். பூத்துக்காரர் ஒரு மக்கில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்துவிட்டார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"வேணாம். தண்ணி பட்டா இன்னும் எரியும். அது தண்ணியோட சேர்ந்தாதான் ஆபத்து" என்றேன்.

அவர் மக்கைக் கீழே வைத்துவிட்டார். அஞ்சுகம் எழுந்து லாரிப் பக்கம் போகப் பார்த்தாள். நான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். "பொறு அஞ்சுகம், நான் சொல்றேன் இல்ல" என்றேன். அவள் உட்கார்ந்தாள். நான் சொன்னேன் அல்லவா.

தீயணைப்பு வண்டி வந்தபோது ஏழு நாலு.

பன்னிரண்டு நிமிடம். நான் நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வண்டி ஏன் இன்னும் வரவில்லை என்று நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தேன்.

எனக்குப் பாதி தெரிந்திருந்தது. பாதியைத் தெரிந்துகொண்டு முழுதும் தெரிந்தவள் குரலில் பேசினேன். முப்பது வருடம் அந்தக் குரலில் பேசிப் பழகிவிட்டது. வகுப்பில் தவறாகச் சொன்னால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம்.

தெருவில் எல்லாருக்கும் இது தெரியும். அதனால்தான் தரையைப் பார்க்கிறார்கள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

புத்தாண்டு. யாரும் வரவில்லை. நானும் எங்கும் போகவில்லை. வேப்பம்பூப் பச்சடி ஒருத்திக்குச் செய்வது கடினம். எவ்வளவு குறைத்தாலும் மிஞ்சுகிறது.

ஏப்ரல் 16, வியாழன்

அஞ்சுகம் வீட்டுக்கு வந்துவிட்டாள். காரிலிருந்து இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி. இந்துராணி கையைப் பிடித்திருந்தாள். தெரு முழுக்க அவள் வீட்டில்தான். பேச்சுச் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

ஓய்வெடுக்கட்டும், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

இன்றும் போகவில்லை. ரேஷன் கடையில் கூட்டம்.

ஏப்ரல் 18, சனி

போனேன்.

இந்துராணி கடைக்குப் போயிருந்தாள். அஞ்சுகம் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் ஊசிக்குப் பக்கத்திலேயே போய்ப் போய் வந்தது. நான் வந்தது தெரிந்தும் நிறுத்தவில்லை. ஆறாவது தடவை நூலை வாயில் வைத்து ஈரம் பண்ணிக்கொண்டு சொன்னாள்.

"இடது கண்ணு பரவால்ல. வலதுல வெளிச்சம் மட்டும் தெரியுது, ஜன்னல்ல ஈர வேட்டி காயப் போட்ட மாதிரி. ஒத்தக் கண்ணுல பாத்தா ஊசி கிட்ட இருக்கா, தூர இருக்கான்னு தெரிய மாட்டேங்குது."

"அஞ்சுகம், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சொல்லுங்க."

சொன்னேன். ஆறு ஐம்பத்திரண்டு, ஏழு நாலு, மக்கு, தோளைப் பிடித்தது. உதாரணம் எதுவும் சொல்லவில்லை.

அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"இது எனக்குத் தெரியாதா டீச்சரம்மா? கண்ணுதானே போச்சு, காது நல்லாத்தானே இருந்துச்சு."

நான் கீழே உருண்டிருந்த நூல்கண்டை எடுத்து வைத்தேன். அவள் தொடர்ந்தாள்.

"டாக்டரு எங்கிட்டயும் கேட்டாரு, எப்பக் கழுவுனீங்கன்னு. நானும் உடனேன்னுதான் சொன்னேன். டீச்சரும் அப்படித்தான் சொன்னாங்கன்னு இந்து சொல்லிச்சு. நீங்க ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொன்னா உங்களுக்கு அசிங்கம் ஆயிடும்ல."

"உனக்கு வைத்தியம் பாக்குறவர்கிட்டயா பொய் சொன்னே? எனக்காகவா?"

"நீங்க யாருக்காகச் சொன்னீங்க?"

வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. அவள் குரல் மாறியது.

"பத்தடில பைப்பு. நான் எந்திரிச்சேன். நீங்க உக்காருன்னீங்க, உக்காந்தேன். வேற யாரு சொல்லியிருந்தாலும் தள்ளி வுட்டுட்டுப் போயிருப்பேன். பதினாறு நாளா அதான் நெனச்சிட்டிருக்கேன். என் மேலயே கோவம் வருது. அப்புறம் உங்க மேல வருது. நேத்து வருவீங்கன்னு பாத்தேன். முந்தா நேத்தும் பாத்தேன்."

"நாளைக்கு வரட்டுமா?"

"வராதீங்க. கோவம் ஆறட்டும். நானா வர்ற வரைக்கும் வராதீங்க." நான் வாசல் வரை போன பிறகு, "எங்கிட்டச் சொல்லி என்னா ஆவப் போவுது? அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. அந்த டிரம்மு இன்னும் எல்லார் வூட்லயும் இருக்கு" என்றாள்.

ஏப்ரல் 20, திங்கள்

விழா நடந்து முடிந்தது. தலைமுடி இன்னும் ஈரமாக இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

தெருமுனையில் பந்தல். சிவப்பு வண்டி நின்றது. முன்வரிசையில் குழந்தைகள். ஏகாம்பரம் என்னைப் பற்றிப் பேசிப் பொன்னாடையை விரித்தார். நான் அதை வாங்கி மேசைமேல் வைத்தேன். ஒலிபெருக்கி கொஞ்சம் கிறீச்சிட்டது.

"ரெண்டு விஷயம் சொல்லணும். முதலாவது, கொட்டிக் கிடக்கிற அந்த மருந்து மேல தண்ணி ஊத்தக் கூடாது. அதை அன்னைக்குச் சரியாச் சொன்னேன். ரெண்டாவது, மனுஷர் மேல பட்டுட்டா உடனே தண்ணி ஊத்தணும். அதை நான் தடுத்தேன். பன்னிரண்டு நிமிஷம் தடுத்தேன். அஞ்சுகத்தோட வலது கண் டிரம்முனால மட்டும் போகலை. சந்தானராஜ் சார் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இவங்க யாரும் உங்ககிட்டப் பொய் சொல்லல சார், என்னைக் காட்டிக் கொடுக்கல, அவ்வளவுதான். டாக்டருக்கு இன்னைக்குக் காலையில போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

யாரும் கை தட்டவில்லை. ஏகாம்பரம் பொன்னாடையை எடுத்து மடித்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி விரித்தார். சந்தானராஜ் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒலிபெருக்கியை வாங்கினார்.

"சரி. அப்ப அதையே செஞ்சு பாத்துருவோம். மருந்து பட்டவங்களா யாராவது ஒருத்தர் உக்காரணும்."

நான் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"டிரம் இந்தப் பக்கம், அதுகிட்டப் போகாதீங்க. காத்து முதுகுல வர்ற மாதிரி நில்லுங்க. இப்ப இவங்களுக்கு ஊத்துங்க" என்றார்.

குடத்தோடு பத்துப் பேர் வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். ஒருவரும் ஊற்றவில்லை. என் முகத்தையே பார்த்தார்கள். பூத்துக்காரர், "டீச்சர் மேல எப்படி சார்..." என்று இழுத்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"என்னைப் பாக்காதீங்க" என்றேன். "யாரையும் பாக்காதீங்க. ஊத்துங்க."

அப்போதும் நின்றார்கள்.

கூட்டம் விலகியது. கறுப்புக் கண்ணாடியோடு அஞ்சுகம் வந்தாள். எங்கள் பக்கம் வந்து, ஒருவர் குடத்துக்குள் கையிலிருந்த மக்கை விட்டு மொண்டாள். என் நெற்றியில் ஒரு கையை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, முகத்தில் ஊற்றினாள். மூச்சு முட்டியது. மறுபடி மொண்டாள். மறுபடி ஊற்றினாள். குடம் காலியானதும் அடுத்த குடத்துக்குக் கையை நீட்டினாள். பூத்துக்காரர் தம் குடத்தை முன்னால் நகர்த்தினார்.

சந்தானராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் ஆச்சும்மா. செயல்விளக்கத்துக்கு இது போதும்" என்றார்.

"தண்ணி வேற வீணாவுதும்மா" என்றார் ஏகாம்பரம்.

"இருங்க" என்றாள் அஞ்சுகம். "பன்னெண்டு ஆகட்டும்."

மூன்றாவது நிமிடத்தில் குழந்தைகள் சிரிப்பதை நிறுத்தினார்கள். ஐந்தாவதில் எனக்குக் குளிர ஆரம்பித்தது. ஏழாவது நிமிடம் முடியவே இல்லை. இதற்குள் பன்னிரண்டு ஆகியிருக்கும் என்று நினைத்த நேரத்தில், சந்தானராஜ் "எட்டு" என்றார். தெருவில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பன்னிரண்டு நிமிடம் என்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அவர் "பன்னெண்டு" என்றதும் அவள் மக்கைக் கீழே வைத்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு, இந்துராணியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். நாளைக்குக் காய்ந்துவிடும். மடித்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். நானாகப் போய்க் கொடுக்கக் கூடாது.